நாற்றப்பூச்சியை அடிப்பதா, வழியை அடைப்பதா?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் குடியிருக்கும் நம்மவர்களிடம் செப்டம்பர் கடைசியில் பேசிப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கொலு, டிசம்பர் டிக்கெட் விலை என்று போய்க்கொண்டிருக்கும் பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் பூச்சியில் வந்து நிற்கும். "ஜன்னல் பூரா ஒட்டிக்கிட்டு இருக்குங்க. ஒண்ணை அடிச்சா பத்து வருது. நீங்க என்ன மருந்து அடிக்கிறீங்க?"

கட்டைவிரல் நகம் அளவு, கேடயம் போலத் தட்டையான பழுப்பு உடம்பு, பறந்தால் குட்டி ஹெலிகாப்டர் மாதிரி ஒரு சத்தம், தொட்டால் நாற்றம். ஸ்டிங்க் பக். நாற்றப்பூச்சி என்றே எழுதுகிறேன். நம் வேளாண்மைப் புத்தகங்களில் இந்த வகையறாவுக்கு நாவாய்ப்பூச்சி என்று பெயர். நெல் பால் பிடிக்கும் சமயத்தில் வயலுக்கு வருகிற கதிர்நாவாய்ப்பூச்சி இதற்குத் தூரத்து உறவு. குடும்பம் வேறு என்றாலும் நாற்றத்தில் சளைத்ததில்லை, அந்த நேரத்தில் வரப்பில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

என்ன மருந்து என்ற கேள்விக்கு என் பதில்: வீட்டுக்குள் எந்த மருந்தும் வேண்டாம். அடித்தால் பூச்சி ஒழியாது என்பது ஒரு காரணம். பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைக்கு ஆபத்து என்பது இன்னொரு காரணம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன். அதற்கு முன்னால் இந்தப் பூச்சி எதற்காக நம் வீட்டுக்குள் வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் மீதி வேலை பாதி முடிந்த மாதிரி.

இதன் சொந்த ஊர் சீனா, கொரியா, ஜப்பான், தைவான். அறிவியல் பெயர் ஹாலியோமார்ஃபா ஹாலிஸ். பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் நகரத்து மக்கள் 1990களின் நடுவிலேயே இதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இங்கேயே இருக்கிற பழுப்பு நாற்றப்பூச்சி ஒன்று உண்டு, அதுதான் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். 2001ல்தான் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் ரிச்சர்ட் ஹோபெக், இது ஆசியாவிலிருந்து வந்தது என்று அடையாளம் சொன்னார். பெய்ஜிங் வட்டாரத்துப் பூச்சிகளின் வழி வந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. சரக்கோடு சரக்காக வந்திருக்க வேண்டும். இன்றைக்கு 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. 2010ல் நடு அட்லாண்டிக் மாநிலங்களின் ஆப்பிள் தோட்டக்காரர்களுக்கு மட்டும் 37 மில்லியன் டாலர் நஷ்டம். நமக்குத் தொல்லை, அவர்களுக்குப் பிழைப்பு. நியூசிலாந்துக்காரர்கள் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து கார் ஏற்றி வந்த கப்பல்களில் இந்தப் பூச்சியைக் கண்டதும் சரக்கை இறக்கவே விடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

அதன் நாற்றம் முக்கியமில்லை, தூக்கம்தான் முக்கியம். கோடை முழுக்கத் தோட்டத்தில் சாறு உறிஞ்சித் தின்றுவிட்டு, பகல் சுருங்கத் தொடங்கியதும் பூச்சியின் உடம்பு கடையைக் கட்டுகிறது. சாப்பாடு கிடையாது, முட்டை கிடையாது. சேர்த்து வைத்த கொழுப்பை வைத்து மார்ச், ஏப்ரல் வரை ஓட்ட வேண்டும். அதற்கு இருட்டான, காய்ந்த, உடம்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற ஓர் இடுக்கு வேண்டும். காட்டில் என்றால் நின்றபடியே செத்துப்போன ஓக் மரத்தின் பட்டைக்கு அடியில் போகும், பாறை வெடிப்பில் போகும். ஊருக்குள் அதன் கண்ணில் படுகிற பெரிய பாறை உங்கள் வீடு. சாயங்கால வெயில் காய்கிற தெற்கு, மேற்குச் சுவர்களில் அப்பிக்கொண்டு நிற்பது அதனால்தான். உங்கள் சமையல் வாசனைக்கோ குப்பைத் தொட்டிக்கோ இதில் பங்கில்லை. வீடு சுத்தமில்லையோ என்று யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிளம்புகிறது. ஒன்று, உள்ளே வந்த பூச்சி எதுவும் செய்யாது. கடிக்காது, மரத்தை அரிக்காது, அரிசி பருப்பில் விழுந்து பெருகாது, முட்டையும் வைக்காது. வசந்தத்தில் வெளியே போய் வயிறு நிறையத் தின்ற பிறகுதான் முட்டை. "குட்டி போட்டுப் பெருகிடுச்சு போலிருக்கு" என்று சொல்வது வீண் பயம். ஜனவரியில் திடீரென்று ஒன்று விளக்கைச் சுற்றினால், அது அக்டோபரிலேயே குடிவந்தது, ஹீட்டர் சூட்டில் வசந்தம் வந்துவிட்டதாக ஏமாந்து எழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு, நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். பெரும்பங்கு சுவருக்குள்ளும் அட்டிக்கிலும் அசையாமல் கிடக்கிறது. டக் இங்க்லி என்ற வனவிலங்கு உயிரியலாளர் மேரிலாந்தில் தன் வீட்டுக்குள் கிடைத்த நாற்றப்பூச்சிகளை 2011 ஜனவரியிலிருந்து ஆறு மாதம் விடாமல் எண்ணினார். மொத்தம் 26,205. எண்ணிவிட்டு அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். எண்ணிய பொறுமைக்கு ஒரு கும்பிடு. அவருடைய மனைவியின் பொறுமைக்கு இரண்டு.

ஆக, ஹாலில் திரிகிற ஒன்றிரண்டை அடிப்பது, ஓட்டை விழுந்த படகில் டம்ளரால் தண்ணீர் இறைப்பது மாதிரி. "ஒண்ணை நசுக்கினா அந்த வாடைக்குப் பத்து வரும்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது சரியில்லை. நசுக்கும்போது வருவது அபாய வாடை. எதிரியை விரட்டத்தான் அது, கூட்டம் சேர்க்க இல்லை. கூட்டம் சேர்க்க வேறொரு வாசனை உண்டு, ஆண் பூச்சி சாப்பிடுகிற பருவத்தில் விடுவது. குளிர்காலத் தூக்கத்தில் அதற்கு வேலை இல்லை. பத்து வந்தது என்றால் அந்தப் பத்தும் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தன.

வாடை என்றதும் ஒரு சின்னக் கிளைக்கதை. ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா ஒருநாள் படுக்கையறையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏண்டா, இங்க யாருடா கொத்தமல்லி கிள்ளினது?" யாரும் கிள்ளவில்லை, திரைச்சீலையை இழுத்ததில் ஒரு பூச்சி மாட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் மூக்கு பொய் சொல்லவில்லை. இதன் மார்புக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது டிரான்ஸ்-2-டெசினால், டிரான்ஸ்-2-ஆக்டினால் என்ற ஆல்டிஹைடுகள். பச்சைக் கொத்தமல்லித் தழையின் வாசனையிலும் இந்த டெசினாலுக்குப் பங்குண்டு. கொத்தமல்லி என்றாலே முகம் சுளிக்கும் வெள்ளைக்கார நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள், அவர்களுக்கு இந்தப் பூச்சி இரட்டைத் தண்டனை. திராட்சையோடு சேர்ந்து நசுங்கினால் சிவப்பு ஒயினிலும் இந்த வாடை ஏறுகிறது என்பது ஒயின் செய்பவர்களின் கவலை. நமக்குப் பாதகமில்லை. ஆனால் நசுக்கிய சாறு கண்ணில், தோலில் பட்டால் சிலருக்கு எரியும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டுப்புடவைக்கு வருகிறேன்.

சுவருக்குள்ளோ அட்டிக்கிலோ மருந்து அடிக்கிறோம், புகைக்குண்டு வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். புகை இடுக்குக்குள் ஒழுங்காகப் போகாது, நிறையப் பூச்சி தப்பிக்கும். கடையில் கிடைக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகளில் மயங்கி மல்லாந்து விழுந்த பூச்சிகளில் ஒரு பங்கு பிறகு எழுந்து நடப்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சரி, எல்லாமே செத்ததாகவே இருக்கட்டும். சுவருக்குள் ஆயிரக்கணக்கில் காய்ந்த பிணம். அவற்றைத் தின்ன கார்ப்பெட் வண்டு வரும். அதன் புழுவுக்கு வேண்டியது விலங்குப் புரதம்: செத்த பூச்சி, உதிர்ந்த முடி, கம்பளி, பட்டு. பருத்தியையும் நைலானையும் பெரும்பாலும் விட்டுவிடும். சுவரில் விருந்து தீர்ந்ததும் அடுத்த பந்தி ஸ்வெட்டரிலும் கல்யாணப் புடவையிலும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கத் துறைகள் "சுவருக்குள் மருந்து வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒன்றும் செய்யாமல் தூங்கிவிட்டு ஏப்ரலில் தானாக வெளியே போகப் பார்க்கிற ஒரு பூச்சியைக் கொன்று, துணியைத் தின்கிற ஒரு பூச்சியை வரவழைப்பது என்ன கணக்கு? தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் மருந்துப் படிவு வேறு.

வெளிச்சுவரில் செப்டம்பரில் அடிக்கலாமே என்பார்கள். ஆள் வைத்து அடிப்பவர்கள் உண்டு. வெயிலிலும் மழையிலும் அந்த மருந்து சில நாட்களில் வீரியம் இழந்துவிடும், பூச்சியோ வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அந்தக் காசைக் கீழே சொல்லப்போகும் வேலையில் போடலாம் என்பது என் கட்சி.

கண்ணில் பட்டதை என்ன செய்வது? ஒரு பழைய தயிர் டப்பாவில் இரண்டு விரல் அளவு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு. பூச்சி பயந்தால் முதலில் செய்வது கையை விட்டுவிட்டுக் கீழே விழுவது. அதனால் டப்பாவை மேலே கவிழ்க்காதீர்கள், நேர் கீழே பிடித்துக்கொண்டு ஒரு அட்டையால் லேசாகத் தட்டுங்கள். தானாக உள்ளே விழும். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிக்கும், சோப்பு கலந்தால் முழுகிவிடும். வாடையும் தண்ணீரோடு போய்விடும். ஒவ்வொன்றுக்கும் டாய்லெட்டில் ஃப்ளஷ் அடிப்பவர்கள் தண்ணீர் பில்லை நினைத்துப் பார்க்கவும்.

நிறைய இருந்தால் வாக்குவம் கிளீனர். ஆனால் வீட்டில் தினமும் ஓட்டுகிற மெஷினில் இழுத்தால் அப்புறம் ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போடும்போதும் வீடெல்லாம் அந்த வாசனை. ஒரு பழைய நைலான் ஸ்டாக்கிங்கை எடுத்துக் குழாய்க்குள் பைபோல விட்டு, வாயை வெளிப்பக்கம் மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். பூச்சியெல்லாம் அந்தப் பையில் நிற்கும், மெஷினுக்குள் போகாது. முடிந்ததும் வாயை முடிந்து சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்.

பொறி வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்கிறது. அகலமான அலுமினியத் தட்டில் சோப்புத் தண்ணீர், அதன்மேல் ஒரு மேசை விளக்கு, மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் வீடுகளில் வைத்துப் பார்த்து 2014ல் சொன்னது: கடையில் 50 டாலர் வரை விற்கும் பொறிகளைவிட இந்தத் தட்டு 14 மடங்கு பூச்சி பிடித்தது. ஒன்று கவனிக்க வேண்டும். விழித்துத் திரிகிற பூச்சிதான் வெளிச்சத்துக்கு வரும். நடுக்குளிர்காலத்தில் வைத்துவிட்டு ஒன்றும் விழவில்லையே என்று சொல்லக்கூடாது. மார்ச்சில் அட்டிக்கில் வைத்தால் அறுவடைதான்.

இதெல்லாம் வந்தபின் செய்வது. வருமுன் செய்வது ஒன்றே ஒன்று, வழியை அடைப்பது. செப்டம்பர் நடுவுக்குள் முடித்துவிட வேண்டும். எவ்வளவு சின்ன இடுக்கு என்ற கேள்விக்கும் அளந்து பதில் சொல்லியிருக்கிறார்கள்: 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த கீறல், 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஓட்டை என்றால் பெரும்பாலான பூச்சிகளால் நுழைய முடியாது. அதற்கு மேலே இருப்பதையெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேடுவதற்கு ஒரு சுலபமான வழி. நல்ல வெயில் நாளில் அட்டிக்குக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகியதும் வெளிச்சம் கோடு கோடாக உள்ளே வருவது தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு வாசல். கூரையும் சுவரும் சேருமிடம், புகைபோக்கியைச் சுற்றி, குழாயும் கேபிளும் சுவருக்குள் புகுமிடம், ஜன்னல் சட்டமும் ஸைடிங்கும் சேரும் விளிம்பு, வெளி விளக்கின் அடிப்பாகம். இங்கெல்லாம் சிலிக்கான் காக்கிங் ஒரு டியூப் இரண்டு டியூப் போதும், பெரிய செலவில்லை. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் டோர் ஸ்வீப் ஒன்றை வாங்கித் திருகிவிடுங்கள். ஜன்னலில் மாட்டிய ஏசியைக் குளிர்காலத்துக்குக் கழற்றி உள்ளே வைத்துவிடுவது நல்லது. நான் பார்த்தவரை மிகப் பெரிய வாசல் அதுதான், யாரும் அதைச் சந்தேகப்படுவதும் இல்லை.

அடைக்கும் ஆவேசத்தில் காற்றுப் போக்கியையும் அடைத்துவிடாதீர்கள். அட்டிக் வென்ட்டுக்கும் செங்கல் சுவரின் அடியில் ஈரம் கசிந்து வெளியேற விட்டிருக்கும் துளைக்கும் கம்பிவலைதான் போட வேண்டும், காக்கிங் போட்டால் ஈரம் தங்கிச் சுவர் கெடும். வாடகை வீட்டுக்காரர்கள் வெளிச்சுவரில் கை வைக்க முடியாது. உட்பக்கம் பார்க்கலாம். மேல்விளக்கின் விளிம்பு, தரையோரச் சட்டம், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓரம், ஜன்னல் இடுக்கு. டேப் ஒட்டினாலே சுவருக்குள் இருப்பது அறைக்குள் வருவது பாதி குறையும். வெளிவேலைக்கு வீட்டு உரிமையாளரிடம் ஆகஸ்டிலேயே எழுதிக் கேளுங்கள், அக்டோபரில் கேட்டால் பிரயோஜனமில்லை.

இன்னொரு வாசல், நாமே தூக்கிவருவது. தோட்டத்து நாற்காலி மெத்தை, மடக்கிய குடை, விறகுக் கட்டு. அதேபோல் நாமே தூக்கிப் போவதும் உண்டு. டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது அட்டிக்கிலிருந்து இறக்குகிற சூட்கேஸின் ஜிப் ஓரங்களையும் உள்மடிப்புகளையும் வெளியே வைத்து உதறிவிட்டுத் துணி அடுக்குங்கள். ஆலன்டவுனுக்கு ஏதோ ஒரு பெட்டியில்தான் இது வந்தது.

கோடையில் கொல்லையில் தக்காளி, மிளகாய், வெண்டை, அவரை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கூட்டம் சேர்க்கும் வாசனையைச் செயற்கையாகச் செய்து வைத்த பொறிகள் கடையில் கிடைக்கும். மேரிலாந்தில் வீட்டுத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தபோது, பொறி இருந்த தோட்டத்தில்தான் தக்காளிக்குச் சேதம் அதிகமானது. வாசனைக்கு ஊரெல்லாம் கிளம்பி வருகிறது, வந்ததெல்லாம் பொறியில் விழுவதில்லை, பக்கத்தில் பழுத்திருக்கும் செடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரிசாகக் கொடுக்கலாம்.

நல்ல செய்தி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆசியாவில் இந்தப் பூச்சி இவ்வளவு ஆட்டம் போடாததற்கு ஒரு குளவியும் காரணம். டிரிஸ்ஸோல்கஸ் ஜப்பானிக்கஸ், செல்லப் பெயர் சாமுராய் குளவி. எள்ளைவிடச் சின்னது, மனிதரைக் கொட்டாது. நாற்றப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும், குளவிப் புழு உள்ளிருந்தபடியே அதைத் தின்று வளரும். அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கொண்டுவந்து, வெளியே விடலாமா, உள்ளூர்ப் பூச்சிகளுக்குத் தீங்கு செய்யுமா என்று அடைத்த ஆய்வகத்தில் வருடக்கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிவு சொல்வதற்கு முன்பே 2014ல் மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் அது வெளியில் இருப்பது தெரிந்தது. ஆய்வகத்திலிருந்து தப்பியதா என்று மரபணுவைப் பார்த்தார்கள், இல்லை, தனியாக வந்தது. பூச்சி வந்த மாதிரியே குளவியும் கப்பலேறி வந்துவிட்டது! அதன் பிறகு வேறு பல மாநிலங்களிலும் தென்பட்டிருக்கிறது.

அதனால் ஜூன், ஜூலையில் இலையின் அடிப்பக்கம் வெளிர்பச்சையில், ஏறக்குறைய 28 முட்டைகள் நெருக்கி அடுக்கிய திட்டு ஒன்றைக் கண்டால் எடுத்து நசுக்கலாம். அந்த முட்டைகள் கறுத்திருந்தால் தொடாதீர்கள், உள்ளே குளவி இருக்கக்கூடும். பொரித்து முடிந்த கூடுகளிலும் யார் வெளியே வந்தார்கள் என்று ஒரு லென்ஸ் வைத்துக் கண்டுபிடிக்கலாம். பூச்சிக் குஞ்சு வந்திருந்தால் டப்பா மூடியைத் திறந்த மாதிரி வட்டமாக, சுத்தமாகத் திறந்திருக்கும். குளவி வந்திருந்தால் எலி கடித்த மாதிரி ஓரம் பிசிறாக இருக்கும்.